டிஸ்க் பிதுங்கினால் முதலில் காலைப் பாருங்கள்

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். "எல்4-எல்5 டிஸ்க் ப்ரொலாப்ஸ், நரம்பு அழுத்தப்படுகிறது" என்று ஏதோ எழுதியிருக்கும். வீட்டில் ஒருவர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் அசையாமல் படு என்கிறார், தெரிந்தவர் ஒருவர் எண்ணெய் போட்டுத் தட்டுகிற வைத்தியரின் நம்பரை அனுப்புகிறார். ரிப்போர்ட்டைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இது டிஸ்க் வலிதானா, அவசரமா, சரியாகிக்கொண்டு வருகிறதா, ஆபரேஷன் உதவுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் பெரும்பாலும் காலே பதில் சொல்லிவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது

முதுகெலும்புத் தொடரில் மொத்தம் 23 டிஸ்குகள். ஜவ்வு என்று சொல்வது இதைத்தான். வெளியே உறுதியான நார் வளையம், உள்ளே நுங்குபோல் வழவழப்பான பகுதி. வயது ஏற ஏற வளையத்தில் கீறல்கள் விழுகின்றன. குடும்பவாகு, புகைப்பழக்கம், உடல் எடை, பாரம் தூக்கும் வேலை, நாள் முழுக்க வண்டியில் குலுங்குவது எல்லாம் அதற்குக் கைகொடுக்கும். பிறகு ஒரு நாள் குனிந்து எதையோ எடுக்கும்போது, சிலருக்கு வெறும் தும்மலில்கூட, உள்பகுதி அந்தக் கீறல் வழியாகப் பின்பக்கம் பிதுங்கிவிடுகிறது. 30 முதல் 50 வயதுக்குள் இது அதிகம். இடுப்பில் ஏற்படும் பிதுக்கங்களில் 10க்கு 9க்கும் மேல் கடைசி இரண்டு டிஸ்குகளில்தான்: எல்4-எல்5, எல்5-எஸ்1. எல் என்பது இடுப்பு முள்ளெலும்பு, எஸ் என்பது அதற்குக் கீழே உள்ள திரிகம், எண் வரிசையைக் குறிக்கும். அங்கங்கே வெளிவரும் நரம்புகளுக்கும் இதே பெயர்கள்தான்.

அங்கிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வேர்தான் மாட்டிக்கொள்கிறது. பிதுங்கிய சதை அழுத்துவது ஒரு பக்கம். அதிலிருந்து கசியும் பொருட்கள் நரம்பைச் சுற்றி அழற்சியை உண்டாக்குவது இன்னொரு பக்கம். சின்னப் பிதுக்கம் ஆளைச் சுருட்டிப் போடுவதும், பெரிய பிதுக்கம் உள்ளவர் சாதாரணமாக நடமாடுவதும் இதனால்தான்.

டிஸ்க் தன் இடத்தைவிட்டு நகர்வதில்லை. மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருக்கிறது. "விலகிய ஜவ்வைத் தட்டி உட்கார வைக்கிறேன்" என்பவர்களிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். மிதிப்பது, முறுக்கி நெட்டி எடுப்பது எல்லாம் இந்த நேரத்தில் ஆபத்து. இறுகிப்போன தசைக்கு மென்மையாக எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றினால் இதமாக இருக்கும், அதில் தவறில்லை.

பிதுங்கியதை உடலே கரைத்துக்கொள்ளும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெளியே வந்த துண்டை நம் வெள்ளணுக்கள் அந்நியப் பொருளாகக் கருதி மெல்ல மெல்லத் தின்றுவிடுகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி, முழுதாகத் துண்டாகி விழுந்தவற்றில் 96 சதவீதமும், கழுத்து வைத்துப் பிதுங்கி வந்தவற்றில் 70 சதவீதமும், சிறு பிதுக்கங்களில் 41 சதவீதமும், வெறும் உப்பலில் 13 சதவீதமும் தாமாகச் சுருங்கின. ரிப்போர்ட்டில் பயங்கரமாகத் தெரிவதுதான் அதிகம் கரைகிறது.

படி 1: இது டிஸ்க் வலிதானா?

இடுப்பில் மட்டும் பிடிப்பு, பின்பக்கம் வரை கொஞ்சம் வலி என்றால் அது பெரும்பாலும் தசையும் மூட்டும் செய்கிற வேலை. நரம்பு வலி வேறு மாதிரி. முழங்காலைத் தாண்டிக் கீழே இறங்கும், மின்சாரம் பாய்வதுபோல் சுரீர் என்று இழுக்கும், பெரும்பாலும் ஒரே காலில் வரும். இருமினால், தும்மினால், முக்கினால் காலில் தெறிக்கும். உட்கார்ந்தால் கூடும், நின்றாலோ படுத்தாலோ குறையும்.

எந்த நரம்பு என்பதையும் வலி போகும் பாதையை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். எல்5 என்றால் காலின் வெளிப்பக்கமாக இறங்கி, பாதத்தின் மேல்புறம் வழியாகக் கட்டைவிரல் வரை போகும். எஸ்1 என்றால் கெண்டைக்கால், குதிகால், சுண்டுவிரல் ஓரம். எல்4 என்றால் தொடையின் முன்புறமும் முழங்காலுக்குக் கீழே உட்பக்கமும்.

மல்லாந்து படுத்துக்கொண்டு வீட்டில் ஒருவரை உங்கள் காலை மடக்காமல் மெதுவாக உயர்த்தச் சொல்லுங்கள். 30 முதல் 70 டிகிரிக்குள் அதே பழக்கமான வலி முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் நரம்பு வேர் மீது சந்தேகம் வலுக்கிறது. தொடையின் பின்னால் மட்டும் இழுப்பது எல்லோருக்கும் வருவதுதான்.

எல்லாக் கால்வலியும் டிஸ்க் இல்லை. இரண்டு பாதங்களும் காலுறை போட்ட அளவுக்கு எரிந்தால் சர்க்கரை நோயை நினையுங்கள். வலி தொடை இடுக்கில் இருந்து, சம்மணம் போட முடியவில்லை என்றால் இடுப்பு மூட்டைப் பார்க்க வேண்டும். 60ஐத் தாண்டியவருக்கு நடந்தால் கால் மரத்து, குனிந்து உட்கார்ந்ததும் சரியாகிறது என்றால் அது தண்டுவடப் பாதை குறுகலாக இருக்கலாம், அதன் வைத்தியமே வேறு. மாலைநேரக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் எழுப்பும் முதுகுவலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயையும் நம் ஊரில் மறக்கக் கூடாது. புற்றுநோய் வந்து குணமானவர்கள், வயதான பின் விழுந்தவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள் இந்தக் கட்டுரையை நம்பிக் காத்திருக்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள்.

படி 2: காத்திருக்கக் கூடாத நிலை

தண்டுவடத்துக்குக் கீழே நரம்புகள் கற்றையாக இறங்குகின்றன. சிறுநீர், மலம், பாலுறவு உணர்வு எல்லாம் அவற்றின் கட்டுப்பாட்டில். பெரிய பிதுக்கம் ஒன்று மொத்தக் கற்றையையும் நசுக்கினால் அது உடனடி ஆபரேஷனுக்கான நிலை. அரிதாகத்தான் வரும், ஆனால் சில மணி நேரத் தாமதம்கூட வாழ்நாள் பாதிப்பாக முடியலாம். இவற்றில் ஏதாவது ஒன்று புதிதாகத் தோன்றினால் இரவு இரண்டு மணி ஆனாலும் எம்ஆர்ஐயும் முதுகெலும்பு அறுவை வசதியும் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள்:

- சிறுநீர் முட்டியும் வரவில்லை, அல்லது முட்டுவதே தெரியவில்லை, அல்லது தெரியாமல் கசிகிறது
- மலம் கட்டுப்பாடில்லாமல் போகிறது
- ஆசனவாய், பிறப்புறுப்பு, உள்தொடை மரத்துவிட்டது
- இரண்டு கால்களிலும் ஒரே நேரத்தில் வலி அல்லது பலவீனம்

மரத்திருக்கிறதா என்பதை மலம் கழித்துக் கழுவும்போது கவனித்தால் தெரிந்துவிடும்: தண்ணீரும் கையும் படுவது வழக்கம்போல் உறைக்கிறதா? கூச்சப்பட்டுச் சொல்லாமல் விடுவதுதான் இங்கே பெரிய சிக்கல். அதுவும் வயதான ஆண்கள் "ப்ராஸ்டேட்தான்" என்று தாங்களே முடிவுகட்டிவிடுவார்கள். டாக்டரிடம் பட்டென்று சொல்லுங்கள்.

இதற்கு அடுத்த நிலை காலின் பலம் குறைவது. தினமும் காலையில் ஒரு நிமிடம் செலவழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்யுங்கள். குதிகாலில் மட்டும் நின்று பத்தடி நடங்கள். பிறகு ஒற்றைக்காலில் நின்று முன்பாதத்தில் பத்து முறை எம்பி இறங்குங்கள், அடுத்து மற்றக் கால். கட்டைவிரலை மேலே தூக்கி, அதைக் கையால் கீழே அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் தெளிவாகத் தோற்றால், அல்லது செருப்பு தெரியாமல் நழுவி, நுனிக்கால் தரையில் தடுக்கினால் அன்றோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். "வலி குறைந்துவிட்டது, ஆனால் பாதம் தூக்க வரவில்லை" என்பது நல்ல செய்தியே அல்ல. நரம்பு செயலிழந்து வலி அடங்கியிருக்கலாம்.

கழுத்து டிஸ்க் என்றால் இதே கதை கையில் நடக்கும். அங்கே பயப்பட வேண்டிய அறிகுறி சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவதும், நடை தள்ளாடுவதும்.

படி 3: முதல் இரண்டு வாரம்

"மூன்று வாரம் கட்டையைப்போல் படு" என்ற அறிவுரையை விட்டுவிடலாம். 1999இல் நெதர்லாந்தில் 183 பேரை வைத்துச் சோதித்தார்கள். இரண்டு வாரம் படுக்கையில் இருந்தவர்களும் வழக்கம்போல் நடமாடியவர்களும் 12 வாரத்தில் ஒரே அளவு தேறியிருந்தார்கள்: இரு பக்கமும் 87 சதவீதம். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுத்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அப்புறம் எழுந்து விடுங்கள்.

மல்லாந்து படுத்தால் முழங்காலுக்கு அடியில் தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் தலையணை. கட்டாந்தரையில் படுப்பது வீரமாகத் தோன்றும், ஆனால் எழுந்திருக்கும்போது உயிர் போகும். ரொம்பக் குழியாத நடுத்தர மெத்தை போதும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள்.

இரவில் டிஸ்க் நீரை உறிஞ்சிக் காலையில் உப்பியிருக்கும். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிவதுதான் அதற்கு மிகவும் கடினம். நம் வீடுகளில் வாசல் பெருக்கி, தண்ணீர் தெளித்து, கோலம் போடுவது சரியாக அந்த நேரத்தில்தான்! வலி இருக்கும் வரை அந்த வேலையை வீட்டில் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும். இல்லையென்றால் நீளக் கைப்பிடித் துடைப்பத்தோடு ஒரு மணி நேரம் தள்ளிச் செய்யுங்கள்.

இந்தியன் கழிப்பறையில் குந்துவது கடினம். வெஸ்டர்ன் இல்லாவிட்டால் மருந்துக்கடைகளில் கிடைக்கும் கமோடு ஸ்டூலை வாங்கி மேலே வையுங்கள். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது வலிநிவாரணத்தில் பாதி. முக்குகிற ஒவ்வொரு முறையும் கால் இழுக்கும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகள் மலச்சிக்கலை வேறு கூட்டும். கீரை, கொய்யா, தண்ணீர். தும்மல் வந்தால் சுவரில் கை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கி, நெஞ்சை நிமிர்த்தித் தும்முங்கள்.

பைக் ஓட்டுவதை முதல் சில வாரங்களுக்கு நிறுத்துவது நல்லது. ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கிக்கரை உதைக்காதீர்கள், சென்டர் ஸ்டாண்டு போடாதீர்கள். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம். தொழுகையையும் தரையில் உட்கார்ந்து செய்யும் பூஜையையும் தற்காலிகமாக நாற்காலிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே உட்கார்ந்தாலும் துண்டைச் சுருட்டி இடுப்பு வளைவில் வைத்து, அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடங்கள்.

படி 4: மாத்திரை

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் குறைந்த நாட்களுக்கு ஓரளவு உதவும். சிறுநீரகக் கோளாறு, அல்சர், இதய நோய், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து, கர்ப்பம் இதில் ஏதாவது இருந்தால் கடையில் கேட்டு வாங்காதீர்கள். இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துப் போடுவது வயிற்றுக்கும் கிட்னிக்கும் இரட்டைச் சுமை. ஒரே மருந்து இரண்டு பிராண்டு பெயர்களில் வரும் என்பதால் அட்டையின் பின்பக்கம் படிக்கப் பழகுங்கள்.

ப்ரிகாபாலின் என்ற நரம்புவலி மருந்தும் மெத்தைல்கோபாலமின் என்ற பி12 வைட்டமினும் சேர்ந்த காப்ஸ்யூல் இங்கே கிட்டத்தட்ட எல்லா டிஸ்க் சீட்டிலும் இருக்கும். 2017இல் ஆஸ்திரேலியாவில் 209 பேரிடம் நடத்திய சோதனையில், இந்தக் கால்வலிக்கு ப்ரிகாபாலின் வெற்று மாத்திரையைவிட அதிகம் உதவவில்லை, தலைசுற்றல் மட்டும் அதிகமாக வந்தது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதலும் சியாட்டிகாவுக்கு, அதாவது இந்த நரம்புக் கால்வலிக்கு, இதைத் தர வேண்டாம் என்கிறது. ஏற்கெனவே பல வாரமாக எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறையுங்கள். எடுக்கும் நாட்களில் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்ட வேண்டாம்.

இடுப்பு பெல்ட் வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு நாள் கட்டிக்கொள்ளலாம், தினமும் கட்ட வேண்டிய பொருள் அல்ல. எடை தொங்கவிட்டு இழுக்கும் டிராக்‌ஷனுக்காக ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்துக் கிடப்பது காசுக்குக் கேடு என்பது என் கருத்து. அதனால் பலன் உண்டு என்பதற்கு உருப்படியான சான்று இல்லை.

படி 5: ஸ்கேன் எப்போது, அதை எப்படிப் படிப்பது

எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது. எம்ஆர்ஐயில் தெரியும், ஆனால் முதல் வாரமே எடுப்பதால் வைத்தியம் பெரும்பாலும் மாறப்போவதில்லை. படி 2இல் சொன்ன அறிகுறி இருந்தால் உடனே எடுங்கள். மற்றவர்கள், ஆறு வாரம் ஆகியும் கால்வலி குறையாமல் ஊசியோ ஆபரேஷனோ யோசிக்கும் கட்டத்தில் எடுத்தால் போதும்.

எந்த வலியும் இல்லாதவர்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும் 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் உப்பல் இருந்தது. ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஸ் பல்ஜ்' என்றிருந்தால் அதுதான். 'டெசிகேஷன்' என்றால் டிஸ்க் நீர் வற்றியிருக்கிறது, முடி நரைப்பதைவிடப் பெரிய விஷயமில்லை. 'இன்டென்டிங் தீக்கல் சாக்' என்பது நரம்பு உறையைத் தொட்டு லேசாக அமுக்குகிறது என்ற அளவுதான். கவனிக்க வேண்டியவை 'ப்ரொட்ரூஷன்' (சிறு பிதுக்கம்), 'எக்ஸ்ட்ரூஷன்' (கழுத்து வைத்துப் பிதுங்கியது), 'சீக்வெஸ்ட்ரேஷன்' (துண்டாகி விழுந்தது), 'நெர்வ் ரூட் கம்ப்ரெஷன்' (நரம்பு வேர் அழுத்தம்) என்ற சொற்கள். அவையும் உங்கள் வலி இருக்கும் அதே பக்கத்தில், அதே நரம்புக்கு நேராக இருக்க வேண்டும். இடது கால் வலிக்கிறவரின் ரிப்போர்ட்டில் வலப்பக்கம் பிதுக்கம் என்றிருந்தால் அந்தப் பிதுக்கத்தை ஆபரேஷன் செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

படி 6: உடற்பயிற்சி

1950களில் நியூசிலாந்தில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்ட், கால்வலியோடு வந்த ஒருவர் தற்செயலாக முதுகு பின்னால் வளைந்த நிலையில் குப்புறப் படுத்திருந்து, எழுந்தபோது கால்வலி போயிருந்ததைக் கவனித்தார். அவருடைய முறை அங்கிருந்துதான் வளர்ந்தது. குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். தாங்கினால் முழங்கைகளை ஊன்றி நெஞ்சை உயர்த்துங்கள். அடுத்த சில நாட்களில், இடுப்பு தரையில் இருக்கக் கைகளை நீட்டி மேல்உடலைத் தூக்கி இறக்குங்கள், பத்து முறை, பகலில் சில மணிக்கொரு தடவை. புஜங்காசனம் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இங்கேயும் காலையே கவனியுங்கள். வலி கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறினால் சரியான பாதையில் போகிறீர்கள், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வலி பாதத்தை நோக்கி இறங்கினால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பயிற்சி உங்களுக்கானது அல்ல, பிசியோதெரபிஸ்ட் வேறு திசையைக் கண்டுபிடிப்பார். தண்டுவடப் பாதை குறுகியவர்களுக்குப் பின்னால் வளைவது பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது.

நடைதான் எல்லோருக்கும் பொது மருந்து. ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம். ஐந்து பத்து நிமிடம், நாளுக்குப் பல முறை, வாரத்துக்கு வாரம் கூட்டுங்கள்.

கால்வலி அடங்கிய பிறகு நடுவுடலைப் பலப்படுத்தும் பயிற்சி. தவழும் நிலையில் வலக் கையையும் இடக் காலையும் நேராக நீட்டிப் பத்து விநாடி நிறுத்துங்கள், பிறகு மாற்றுங்கள். ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தூக்கி நிறுத்துவது அடுத்தது. கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பரப்பிய மூன்று பயிற்சிகளில் இவை இரண்டு. பச்சிமோத்தானாசனம், ஹலாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனியும் நிலைகள், சிட்-அப், கால்விரலைத் தொடுவது எல்லாவற்றையும் சில மாதம் ஒதுக்கி வையுங்கள். யோகா ஆசிரியரிடம் டிஸ்க் விஷயத்தை வகுப்புக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 7: ஊசி, ஆபரேஷன்

ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் பெரும்பாலானவர்கள் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களுக்கு நரம்பு வேர் அருகே ஸ்டீராய்டு ஊசி ஒரு வழி. சில வாரங்கள், சிலருக்குச் சில மாதம் வலி குறையும், அதற்குள் உடல் தன் வேலையைச் செய்துகொள்ளும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் செய்தால் ஊனமாகிவிடும் என்ற பயமும் தவறு, செய்தால்தான் சரியாகும் என்பதும் தவறு. 2007இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கடும் கால்வலியோடு இருந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்ட அணியில் பாதிப் பேர் 4 வாரத்தில் தேறினார்கள், காத்திருந்த அணியில் அதற்கு 12 வாரம் ஆனது. ஓராண்டு முடிவில் இரண்டு அணியிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் அந்த ஆண்டுக்குள் வலி தாங்காமல் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆகவே பலவீனம் இல்லாதவர்களுக்கு ஆபரேஷன் வாங்கித் தருவது வேகம். தினக்கூலிக்குப் போகிறவருக்கு அந்த இரண்டு மாதம் பெரிய தொகை, விடுப்பு கிடைக்கிற அரசு ஊழியருக்கு அவ்வளவு இல்லை. முடிவு ஆளுக்கு ஆள் மாறுவது நியாயம்தான்.

ஆபரேஷன் தீர்ப்பது கால்வலியை. இடுப்புவலி மட்டும்தான் என்றால் பலன் நிச்சயமில்லை. வழக்கமாகச் செய்வது மைக்ரோடிசெக்டமி: சிறு கீறல் வழியாக நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பது. அன்றோ மறுநாளோ நடக்க வைத்துவிடுவார்கள். முதல் முறை வந்த சாதாரணப் பிதுக்கத்துக்கே ஸ்க்ரூ வைத்து எலும்பை இணைக்க வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள், இன்னொரு நிபுணரையும் பாருங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் உங்கள் ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்பதை அட்மிஷனுக்கு முன்பே விசாரியுங்கள். வலி சட்டென்று போகும், மரப்பு போக மாதங்கள் ஆகும், பலவீனம் சிலருக்கு முழுதாகத் திரும்பாது.

திரும்ப வராமல் இருக்க

நிரம்பிய சமையல் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ. தூக்காதீர்கள், சாய்த்து உருட்டுங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கிக் கவிழ்ப்பதற்குப் பதில் கேனின் வாயில் பொருத்தும் சிறு பம்பு வாங்கிவிடுங்கள். எதை எடுத்தாலும் உடலோடு ஒட்டிப் பிடித்து, முழங்காலை மடக்கி எடுங்கள். தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாமல் பாதத்தோடு திரும்புங்கள். புகைப்பவர்கள் நிறுத்தினால் டிஸ்குக்குப் போகும் கொஞ்சநஞ்ச ஊட்டமாவது ஒழுங்காகப் போகும்.

ஆபரேஷனுக்குப் பிறகும் 100இல் 5 முதல் 15 பேருக்கு அதே இடத்தில் மறுபடி பிதுங்கலாம். அதனால் பழைய எம்ஆர்ஐ பிலிம், சிடி, ஆபரேஷன் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். திரும்ப வலி வந்து ஸ்கேன் எடுக்கப் போனால் "இங்கே ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று ஸ்கேன் சென்டரில் முதலிலேயே சொல்லுங்கள். பழைய தழும்பையும் புதுப் பிதுக்கத்தையும் பிரித்துப் பார்க்க மருந்து செலுத்தி எடுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு முன் கிட்னி பரிசோதனை ரிப்போர்ட்டும் கேட்பார்கள்.